சித்திரை வெயிலில் கம்பளி பழகிய கதை

மாமியின் கடிதத்தில் ஒரேயொரு சொல்லைத் தவிர மற்றதெல்லாம் அன்புதான்.

அறுபதுகளின் நடுவில் ஒரு பங்குனி மாதம். அப்பாவுக்குக் கந்தோர் உத்தியோகம். அரசாங்கம் அவருக்குச் சம்பளத்தைக் கணக்காகவும், றெயிலில் குடும்பத்தோடு இலவசமாகப் போய்வர 'வாரண்ட்' என்ற ஒரு கடதாசியைத் தாராளமாகவும் கொடுத்தது. அந்தக் கடதாசி பாவிக்கப்படாமல் காலம் முடிந்துபோவது, கனிந்த பலாப்பழத்தை அணிலுக்கு விட்டுக்கொடுப்பதற்குச் சமம் என்பது சண்டிலிப்பாயில் எங்கள் வளவுக்குள் நிலவிய தத்துவம். ஆகவே போக வேண்டும். எங்கே என்பது பிறகு வந்த கேள்வி. இலவசமாகப் போகிறவர்கள் தூரமாகப் போவதுதான் முறை. தூரத்தில் நுவரெலியா இருந்தது. அங்கே அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, இருந்தார்.

நாங்கள் மூன்று பேர். அண்ணைக்குப் பன்னிரண்டு, எனக்கு ஒன்பது, தங்கச்சிக்கு ஐந்து. எங்களில் ஒருவரும் அதுவரை குளிரைக் கண்டதில்லை. மார்கழி விடியலில் கிணற்றடிக்குப் போனால் பல்லுக் கிட்டுமே, அதுதான் எங்கள் குளிரின் எல்லை.

மாமி எழுதியிருந்தார்: "பிள்ளையளுக்குக் குளிர் உடுப்பு இருக்கும்தானே. இல்லாட்டி யோசிக்க வேண்டாம், இஞ்சை பழசு கிடக்குது."

அம்மா அந்த வரியை அப்பாவைக் கொண்டு இரண்டாந்தரமும் வாசிக்கச் செய்தார். பிறகு அடுப்படிக்குப் போய், ஒரு பிழையும் செய்யாத தேங்காய் ஒன்றை ஒரே அடியில் உடைத்தார்.

"பழசாம்," என்றார். "என்ரை பிள்ளையளுக்குப் பழசு. எல்லாம் இருக்கு எண்டு எழுதுங்கோ."

அப்பா எழுதினார். எழுதிய கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்து, "எங்கை இருக்கு?" என்று மட்டும் கேட்டார். அப்பா அளவாகக் கதைப்பவர்.

யாழ்ப்பாணப் பட்டினத்துப் புடவைக் கடைக்கு அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கம்பளிச் சுவெற்றர் என்று கேட்டதும் கடைக்காரரின் முகத்தில் அனுதாபம் படர்ந்தது. ஆருக்கு வருத்தம் என்று கேட்டார். எங்கள் ஊரில் கம்பளி என்பது உடுப்பல்ல, நோய். தொய்வுக்காரர், பிள்ளை பெற்றவள், காய்ச்சலில் கிடப்பவர், சாகக் கிடப்பவர், இந்த ஒழுங்கில்தான் அது உடம்பில் ஏறும். அவர் தட்டின் மேலிருந்து தூசியோடு இறக்கிய ஒன்றின் விலையைக் கேட்ட அம்மா, அதன் கையை விரித்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடைசியில், நூல் சரியில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு எழும்பினார். நூல் நல்ல நூல். விலைதான் எங்களுடையதல்ல.

அதன் பிறகு எங்கள் ஊருக்குள் கம்பளி வேட்டை தொடங்கியது.

நாலு வீடு தள்ளி மலாயாப் பென்சன்காரர் ஒருவர் இருந்தார். வெக்கை நாட்டில் முப்பது வருடம் கம்பளிக் கோட்டுப் போட்டு வேலை செய்தவர். வெள்ளைக்காரத் துரை போட்டான், ஆகவே இவரும் போட்டார். இருவரும் சேர்ந்து வியர்த்திருக்கிறார்கள். துரை போய்விட்டான், கோட்டு இவருடைய அலுமாரியில் பூச்சிக் குண்டுகளோடு மிஞ்சியது. அம்மா போய் அண்ணைக்கு இரவல் கேட்டார். அவர் ஒரு பகலெல்லாம் யோசித்தார். "தாறன் பிள்ளை. வெட்டக் கூடாது. மடிக்கலாம்," என்றார். மருதனார்மடச் சந்தியில் இருந்த தையற்காரர், வெட்டாமல் ஒரு மலாயாவை ஒரு சண்டிலிப்பாய்ப் பொடியனுக்குள் மடித்துவைத்தார். கைகள் முழங்கை வரை உள்ளே திரும்பி, தோளில் இரண்டு பொட்டலங்களாய்ப் புடைத்தன. அண்ணையைப் பின்னால் பார்த்தால் சுமை தூக்குகிறவர் மாதிரி இருந்தார்.

எனக்கு, அப்பா அநுராதபுரத்தில் மலேரியாவோடு கிடந்த காலத்தில் வாங்கிய சாம்பல் நிறக் கம்பளிப் போர்வை. அதைச் சட்டையாகத் தைத்தார் அதே தையற்காரர். போர்வையின் ஓரத்தில் ஓடிய இரண்டு சிவப்புக் கோடுகள் என் வயிற்றைச் சுற்றி ஓடின. குளிருடுப்பு என்றாலும் சட்டை சட்டைதானே என்று நெஞ்சில் ஒரு பொக்கற்றும் வைத்தார். அதற்குள் எதை வைத்தாலும் மறுபடி எடுக்க முடியாது, அவ்வளவு தடிப்பு.

தங்கச்சிக்கு அம்மாவே பின்னினார். நாங்கள் பிறந்தபோது வந்த குழந்தை உடுப்புகளை உருவி எடுத்த நூல். மஞ்சள் பாதி, வெளிர்நீலம் பாதி. உடம்பு முடிய நூலும் முடிந்தது. அப்பாவின் நீளக் கால்மேசுகள் இரண்டை அடி வெட்டி, கைகளாகப் பொருத்தினார். தங்கச்சி கையை நீட்டினால் இரண்டு கால்கள் எங்களை நோக்கி வருவதுபோல இருக்கும்.

மூன்றையும் கொடியில் போட்டு அம்மா பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய கண்ணில் குறை தட்டியது. குறை உடுப்பில் அல்ல, எங்களில்.

"உதுகள் முதன்முதல் போடுதுகள் எண்டு பாத்த உடனை தெரியும்," என்றார். "கையை அகட்டிக்கொண்டு நிக்குங்கள். பழக்கமில்லாத சனம் எண்டு மச்சாள் நினைப்பா."

ஆகவே பழக்கம் தொடங்கியது. சித்திரை பிறந்த கையோடு, காற்றுக்கூட மரங்களில் ஏறிப் படுத்துக்கொண்ட நாட்களில், பின்னேரம் மூன்று மணியிலிருந்து பொழுது படும்வரை நாங்கள் கம்பளி உடுத்தோம். புகையிலை வெட்டி வெறுமையாகிக் கிடந்த தோட்டத்தின் மண் கானலாய் எழுந்து ஆடியது. அதற்குள் மூன்று கம்பளிப் பிராணிகள். நடக்க வேண்டும், குந்த வேண்டும், தேத்தண்ணி குடிக்க வேண்டும், அதுவும் இயல்பாக. சொறிந்தால் முதலிலிருந்து.

அண்ணைக்கு மட்டும் அதில் ஒரு உற்சாகம் இருந்தது. தையற்காரரின் சுவரில் தொங்கிய கலண்டரில், வெள்ளை வெளேரென்ற மலையில் கால்களில் பலகை கட்டிச் சறுக்கும் மனிதரைக் கண்டிருந்தார். நுவரெலியா அதுதான் என்று முடிவு கட்டி, இரண்டு வடலி மட்டைகளைக் காலில் கட்டிக்கொண்டு, மலாயாக் கோட்டோடு வைக்கோற்போரில் இருந்து சறுக்கினார். வைக்கோல் சறுக்கியது, அவர் அங்கேயே இருந்தார்.

வேலியால் எட்டிப் பார்த்த சனங்கள், பிள்ளைகளுக்கு என்ன வருத்தம் என்று விசாரித்தார்கள். காய்ச்சல் வரும் குணம் என்றார் அம்மா. கொத்தமல்லி வந்தது, வேர்க்கொம்பு வந்தது, ஒரு வீட்டிலிருந்து மந்திரித்த நூலும் வந்தது. எல்லாவற்றையும் அம்மா வாங்கிவைத்தார். எட்டாம் நாள் எங்கள் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு பூத்தது. பத்தாம் நாள் அது கம்பளிக்குள் இடம் போதாமல் கன்னத்துக்கு ஏறியது. நுங்குத் தண்ணியைப் பூசிப்போட்டு, மேலே கம்பளியைப் போட்டார். அங்கே போனால் குளிருக்கு ஆறிவிடும் என்பது அம்மாவின் நம்பிக்கை. அது பொய்க்கவில்லை, ஆனால் பிந்திப் பலித்தது என்பதுதான் பின்னால் வந்த கரைச்சல்.

நானுஓயாவில் றெயிலால் இறங்கியபோது மூச்சு வெண்மையாய் வந்தது. தங்கச்சி தன்னுடைய வாயிலிருந்து புகை வருகிறதென்று அழுதாள். நாங்கள் உண்மையில் நன்றாகவே நடந்தோம். கம்பளிக்குள் பிறந்தவர்களைப் போல. மாமியின் வாசலில் அம்மா எங்களை முன்னுக்கு விட்டுத் தான் பின்னுக்கு நின்றார். அந்த நிமிடத்துக்காகத்தான் எல்லாம்.

மாமி உடுப்பைப் பார்க்கவில்லை. எங்கள் முகங்களைப் பார்த்தார். மூன்று முகத்திலும் ஒரே மாதிரிச் சிவப்பு. கையில் ஆறுமாதக் குழந்தை. அதை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போய், கும்பிட்டார்.

"அம்மாள் வந்திருக்கிறா, மச்சாள்."

எங்கள் பக்கத்தில் சின்னமுத்து, கொப்பளிப்பான் என்ற அம்மை நோய்களுக்குப் பெயர் சொல்லுவதில்லை. அம்மாள் வந்திருக்கிறா என்றால் அவ்வளவுதான். அவள் தெய்வம். வந்தவளை இல்லை என்று சொல்வது பாவம். இல்லை என்று சொல்லத் துணிந்தால், அப்படியென்றால் இது என்ன என்ற அடுத்த கேள்வி வரும். அதற்கு மறுமொழி சொன்னால் வைக்கோற்போர் வரும், கொடி வரும், மேசு வரும். அம்மா வாயைத் திறந்தார். கும்பிட்டு மூடினார்.

பின்னறை எங்களுக்கு ஒதுக்கப்பட்டது. வாசலில் வேப்பிலை கட்ட வேண்டும். நுவரெலியாவில் வேம்பு ஏது? மாமா குளிருக்குள் அரை நாள் அலைந்து, கடைசியில் வேலியோரத்துச் சைப்பிரஸ் மரத்தில் இரண்டு பெரிய கொப்பு முறித்து வந்தார். அம்மாள் புரிந்துகொள்ளுவா என்றார். கச்சேரியில் பல வருடம் இருந்தவர். மாற்று ஏற்பாடுகளில் நம்பிக்கை உள்ளவர்.

குளிர்ச்சியான சாப்பாடுதான் தரவேண்டும் என்பதும் விதி. வெளியே மலை முழுவதும் முகிலைப் போர்த்திக்கொண்டு நடுங்க, உள்ளே நாங்கள் பழஞ்சோறும் மோரும் சாப்பிட்டோம். முழுக்கு இல்லை, எண்ணெய் இல்லை, கறி இல்லை. தங்கச்சி யன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு, ஏரிக்கரைக்குப் போகும் மட்டக் குதிரைகளை எண்ணினாள். அண்ணை வெள்ளை நிலத்தைத் தேடினார். நான் என் வயிற்றின் சிவப்புக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பளி உடுத்து நடக்கப் பழகிய எங்களுக்கு நடக்க ஒரு இடம் இல்லை.

மூன்றாம் நாள் வேர்க்குரு ஆறிவிட்டது. மாமி எட்டத்தில் நின்று பார்த்து, அம்மாள் இரங்கிவிட்டா என்று கண் கலங்கினார். ஆனால் முறைப்படி ஒன்பதாம் நாள்தான் தண்ணி வார்ப்பு, அதன் பிறகுதான் வெளியே காலடி. எங்கள் வாரண்டுக்கும் அப்பாவின் லீவுக்கும் மிஞ்சிக் கிடந்தது நாலே நாள். குழந்தை இருக்கிற வீடு. மாமியைக் குறை சொல்லவும் ஏலாது.

அன்று முழுவதும் அம்மா பெட்டியிலிருந்த உடுப்புகளை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தார். தங்கச்சி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள், குதிரையெல்லாம் நாளைக்கும் வருமா என்று. அப்பா பத்திரிகையின் ஒரே பக்கத்தை நெடுநேரம் வாசித்தார். அவருக்கும் உண்மை தெரியும். ஆனால் அது அம்மாவின் உண்மை. அதைத் தொட அவருக்கு உரிமை இல்லை.

நாலாம் நாள் காலை, கோப்பி கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிய மாமியை அம்மா மறித்தார். சைப்பிரஸ் கொப்புக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் மாமி.

"மச்சாள், இது அம்மாள் இல்லை. வேர்க்குரு."

"வேர்க்குருவோ? எப்பிடி?"

"கம்பளி போட்டுப் பழக்கினனான்."

"எங்கை?"

"சண்டிலிப்பாயிலை."

மாமி மெதுவாகக் கேட்டார். "சித்திரை மாதத்திலையோ?"

"ஓம்."

உள்ளே எங்கோ மாமா ஒரு சிரிப்பைத் தொடங்கி, இருமலாக முடித்தார். மாமி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அம்மாவுக்குச் சண்டைபிடிக்க ஒரு வழி இருந்திருக்கும். மாமி எங்கள் மூவரையும் முதன்முறையாக உடுப்போடு பார்த்தார்: மலாயாவை, மலேரியாவை, மேசுக் கைகளை. பிறகு அம்மாவைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

அப்போதுதான் நானும் பார்த்தேன். அம்மா நூற்சேலையின் தலைப்பை இழுத்துத் தோளைச் சுற்றி, விரல்களை அதற்குள் ஒளித்து வைத்திருந்தார். உதடு நீலம். ஊரெல்லாம் கம்பளி தேடியவர் தனக்கென்று ஒன்றும் தேடவில்லை. பழக்கத்தில்கூட அவர் சேரவில்லை.

"உங்கடை உடுப்பு எங்கை, மச்சாள்?"

"எனக்குக் குளிராது," என்றார் அம்மா. பற்கள் அடித்துக்கொண்டதால் அதைச் சொல்ல நேரம் எடுத்தது.

மாமி வாசலுக்குக் கிட்டே வந்தார். தான் போட்டிருந்த கடும்பச்சைக் கார்டிகனைக் கழற்றி, கொப்புக்கு மேலால் நீட்டினார்.

"இது பழசுதான். குறை நினையாதையுங்கோ."

அம்மா அதைப் பார்த்தார். ஒரு தேங்காய் பக்கத்தில் இருந்திருந்தால் என்ன நடந்திருக்குமோ தெரியாது. வாங்கினார். உடுத்தார். பொத்தான்களைப் பூட்டத் தெரியாமல் ஒன்று மாறிப் பூட்டினார். மாமி கையை எட்டி அதைச் சரிசெய்துவிட்டார்.

பிறகு கிடைத்த நாட்களை நாங்கள் விழுங்கினோம். குதிரை, ஏரி, பூந்தோட்டம். ஏரிக்கரையில் வெயில் எறித்தது. அவ்வூர்ப் பிள்ளைகள் மெல்லிய சட்டையோடு ஓடித் திரிந்தார்கள். அவர்களுக்கிடையில் நாங்கள் மூவரும் முழுக் கம்பளியில் இயல்பாக, பழகியபடி, வியர்த்துக்கொண்டு நடந்தோம். வெள்ளை நிலம் இல்லையென்று கண்ட அண்ணை, வாசலில் கிடந்த சைப்பிரஸ் கொப்பொன்றை இழுத்துப்போய், வீட்டுக்குப் பின்னாலுள்ள ஈரப்புல் சரிவில் அதன்மேல் குந்தினார். இம்முறை அவரும் சறுக்கினார். வேலி வரைக்கும். கோட்டின் பின்புறம் பச்சையானது. அந்தக் கூச்சல் இப்போதும் என் காதில் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் ஒருவர் ஒரு மலையை வென்ற ஒரே தடவை.

திரும்பி வந்து சுன்னாகத்தில் இறங்கினோம். மத்தியானம். தண்டவாளத்தின் மேல் வெக்கை நெளிந்தது. மேடையில் மலாயாப் பென்சன்காரர் குடை பிடித்துக்கொண்டு நின்றார். கோட்டை வரவேற்க வந்திருந்தார். ஆனால் அவர் கோட்டைப் பார்க்கவில்லை. கழுத்துவரை பொத்தான் பூட்டிய கடும்பச்சைக் கார்டிகனோடு, வியர்வை நாடியால் சொட்ட, மெதுவாக இறங்கிவந்த அம்மாவைப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, இந்த வெயிலுக்கை?"

"அங்கை இருந்து பழகிப் போச்சுது, ஐயா," என்றார் அம்மா.

வீடு வரைக்கும் அதைக் கழற்றவில்லை. சந்தியில் கண்டவர்களுக்கெல்லாம் மச்சாள் தந்தது என்றார். பழசு என்ற சொல்லை மட்டும் மலையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

மறுநாள் விடிய அம்மாவின் கழுத்தைச் சுற்றி வேர்க்குரு சிவந்திருந்தது. அப்பா அதைக் கண்டார். முற்றத்துக்குப் போய், வேம்பில் ஒரு கொப்பை முறித்துவந்து, அறை வாசலில் செருகினார்.

அம்மா அதை எடுத்து ஆட்டுக்குப் போட்டார்.