214ஆம் அறையின் முடிச்சு

கஞ்சிக்காரம்மாவுக்கென்று சொந்தப் பெயர் ஒன்று உண்டு. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதில்லை. அவள் கஞ்சி போட்டுத் தேய்த்த விரிப்பை நிறுத்தி வைத்தால் ஆள் பிடிக்காமலே நிற்கும் என்று சமையலறையில் கேலி பேசுவார்கள். மலை உச்சியில் அரண்மனை மாதிரி பரந்து கிடக்கும் அந்த ஓட்டலில் அவளுக்கு இருபத்தைந்து வருட வேலை. முதல் ஆறு வருடம் மாடியில் அறைகளைச் சுத்தம் செய்தாள். அப்புறம் தானே கேட்டுக்கொண்டு அடித்தளத்துச் சலவைக்கூடத்துக்கு இறங்கிவிட்டாள். ஏன் இறங்கினாள் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் வாயைத் திறக்கவில்லை.

இருபத்தைந்து வருடம் முடித்தவர்களுக்கு அந்த ஓட்டல் ஒரு பகல் முழுக்க விருந்தாளியாக இருக்கும் உரிமையைத் தரும். எல்லோரும் ஏரியைப் பார்த்த அறையைத்தான் கேட்பார்கள். இவள் 214 வேண்டும் என்றாள்.

"அந்த ரூம்ல குளிர் ஜாஸ்திம்மா. ஏரி தெரியாது, வெறும் பள்ளம்தான்," என்றார் மேனேஜர்.

"பரவால்ல சார். எனக்கு அதே போதும்."

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் அவளுடைய அக்காவும் அங்கேதான் வேலை பார்த்தாள். ஒருநாள் தங்கைக்குக் காய்ச்சல். 214 தங்கை செய்ய வேண்டிய அறை, அக்கா போனாள். போனவள் திரும்பி வரவே இல்லை. யாருடனோ ஓடிப்போய்விட்டாள் என்று பேச்சு கிளம்பியது. ஊர் அதற்குக் கண், காது, மூக்கு வைத்து ஓர் ஆளையும் சேர்த்துவிட்டது. அம்மா சாகும்வரை மூத்தவளின் பேச்சை எடுக்கவிடவில்லை. சுவரில் இருந்த படத்தைக்கூடக் கழற்றி அடுப்பில் போட்டாள்.

அதோடு முடிந்திருந்தால் கஞ்சிக்காரம்மாவும் எப்படியோ காலத்தை ஓட்டியிருப்பாள். முடியவில்லை. மாடியில் சேரும் அழுக்குத் துணியை மூட்டையாகக் கட்டி ஒரு தகரக் குழாயில் போடுவார்கள், அது நேரே சலவைக்கூடத்தில் வந்து விழும். துணியோடு கம்மலோ மோதிரமோ வந்துவிட்டால் யார் கட்டிய மூட்டை என்று தெரிய வேண்டும் அல்லவா? அதனால் ஒவ்வொருத்திக்கும் ஒரு முடிச்சு. அக்கா இடதுகைக்காரி. அவள் முடிச்சைப் பார்த்தால் சிக்கல் மாதிரி இருக்கும், சரியான நுனியைப் பிடித்து இழுத்தால் ஒரே இழுப்பில் அவிழும். அந்த நுனி எதுவென்று தங்கைக்கு மட்டும்தான் தெரியும்.

அக்கா காணாமல் போன மறுவாரத்திலிருந்து 214இன் மூட்டை அந்த முடிச்சோடுதான் விழுகிறது. பத்தொன்பது வருடமாக, ஒருநாள் தவறாமல்.

காலை பத்து மணிக்கு அறைக்குள் நுழைந்தாள். ஓட்டலின் வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு, தான் தேய்த்த விரிப்பிலேயே உட்கார்ந்தாள். தேநீர் வந்தது. குடித்தாள், ருசி தெரியவில்லை. தோட்டத்தைச் சுற்றிவிட்டு வந்தபோது அவள் கசக்கிய படுக்கை சுருக்கமில்லாமல் கிடந்தது. அறைக்குள் போட்டுக்கொள்ள ஓட்டல் தந்த செருப்புகள் கதவைப் பார்த்து ஜோடியாக நின்றன. அக்கா அப்படித்தான் வைப்பாள்.

வரவேற்பறைக்கு ஓடினாள். "ரூமைச் சரி பண்ண யாரும்மா வந்தா?"

"யாரும் வரலையே! நீங்க இருக்கற வரைக்கும் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு மேனேஜர் சொல்லிட்டாரே," என்றாள் அங்கிருந்த பெண்.

மதியச் சாப்பாட்டுக்குப் போய் வந்தபோதும் அதே கதை. இந்தத் தடவை பால்கனிக் கதவின் கண்ணாடியில் உள்ளங்கை அகலத்துக்கு மூச்சு படிந்திருந்தது, வெளிப்பக்கத்தில். அவள் பார்க்கப் பார்க்கவே அது மறைந்து மறுபடி படிந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வேலைக்காரர் விருந்தாளியின் கண்ணில் படக் கூடாது என்பது அந்த ஓட்டலின் சட்டம். வேலை நடக்கும்போது விருந்தாளி வந்துவிட்டால், வேலைக்காரி பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அவர் வெளியே போகும்வரை நிற்க வேண்டும், மழையானாலும் பனியானாலும். நல்ல சட்டம்! எழுதியவன் ஒருநாள் நின்று பார்த்திருக்க வேண்டும். அக்கா இன்னும் நிற்கிறாள். உள்ளே இருக்கும் விருந்தாளி தானேதான்.

அங்கியைக் கழற்றி எறிந்தாள். பையிலிருந்த நீல வேலை உடுப்பைப் போட்டுக்கொண்டு பால்கனிக் கதவைத் திறந்தாள்.

"அக்கா, விருந்தாளி யாரும் இல்லக்கா. நான்தான். உள்ள வா."

பனி மூட்டம் மெதுவாக உள்ளே வந்தது. கஞ்சிக்காரம்மா படுக்கை விரிப்பை உருவி, இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். எதிர் முனைகள் தரையில் கிடந்தன. கொஞ்ச நேரம் கழித்து அவை தாமாக எழுந்தன. விரிப்பு விறைத்து நின்றது.

அவளுக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் இதைச் சொல்லத்தானே வந்தாள்.

"கம்பி ஆடுதுன்னு எனக்கு முந்தின நாளே தெரியும்க்கா. பால்கனிக் கம்பி. காய்ச்சல்ல உன்கிட்ட சொல்ல மறந்துட்டேன். நீ வரலைன்னு தேடி வந்தேன். கம்பி கழண்டு தொங்கிட்டிருந்துச்சு. கீழ எட்டிப் பாத்தேன், பனியில ஒண்ணும் தெரியல. என் மேல பழி வந்துடும்னு பயந்து, கம்பியைத் தூக்கிப் பழையபடி சொருகி வச்சுட்டு வந்துட்டேன்."

விரிப்பு அசையவில்லை.

"நீ ஓடிப்போயிட்டன்னு முதல்ல சொன்னது ஊர்க்காரங்க இல்ல. நான்தான். அதனாலதான் யாரும் பள்ளத்துல தேடல. அம்மாவும் உன்ன வெறுத்துட்டே செத்தா. என்ன மன்னிச்சுடு அக்கா."

எதிர்ப்பக்கம் தளர்ந்து விரிப்பு தொய்ந்தது. போய்விட்டாள் என்று நினைத்தாள். அடுத்த நொடி அது வெடுக்கென்று இழுபட்டது. சின்ன வயதில் மடிப்பு கோணினால் அக்கா அப்படித்தான் இழுப்பாள். பிறகு விரிப்பு பாதியாக மடிந்து, அடிமேல் அடியாக அவளை நோக்கி வந்தது. ஈர விரல்கள் அவள் கைகளில் முனைகளை ஒப்படைத்தன. சோப்பு வாசனை வந்தது. அவள் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

ஐந்து மணிக்குக் கீழே இறங்கினாள். நேரே மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். "பள்ளத்துல தேடச் சொல்லுங்க சார்," என்றாள். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து தொலைபேசியை எடுத்தார்.

மறுநாள் காலை அவள் குழாயடியில் காத்திருந்தாள். மேலே தகரம் தடதடத்தது, 214இன் மூட்டை வந்து விழுந்தது. எடுத்துப் பார்த்தாள். வலதுகைக்காரி யாரோ போட்ட சாதாரண முடிச்சு. மாடிக்குப் புதிதாக வந்த பெண்ணுடையது.

"என்னம்மா அப்படியே நிக்கறீங்க?" என்றாள் பக்கத்தில் தேய்த்துக்கொண்டிருந்தவள்.

"அக்கா போயிட்டா," என்றாள் கஞ்சிக்காரம்மா. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் பழிக்குப் பயந்து சொன்ன அதே வார்த்தை. இந்தத் தடவை அது உண்மை.