மூன்றாம் காட்சியில் ஒரு பூட்டு

“ஏந்தாயி டீச்சரம்மா, பொம்பளப் புள்ளைக மொகத்துக்குப் பவுடர் அடிக்கும். ஆணி அடிக்குமா?”

திண்டுக்கல்லில் நாடகங்களுக்குப் படுதா வாடகைக்கு விடும் கடைக்காரர் என்னிடம் கேட்ட கேள்வி இது. ஊரில் எல்லோருக்கும் அவர் பாய்தான். எங்கள் பெண்கள் கல்லூரி ஆண்டு விழாவுக்கு வருடா வருடம் அவர் கடையிலிருந்துதான் படுதா வரும். அதை ஏற்றி இறக்க நான்கு ஆட்களும் கூடவே வருவார்கள். இந்த வருடம் முன்படுதா மட்டும் போதும், ஆட்கள் வேண்டாம் என்று நான் சொன்னதும் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு இப்படிக் கேட்டார்.

“அடிக்கும் பாய்” என்றேன். “மொதல்ல வெரல்ல அடிக்கும். அப்புறம் பலகையில அடிக்கும். மூணாவது வாரம் ஆணியில அடிக்கும்.”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் ஆட்கள் வேண்டாம் என்று நான் சொன்னது விளையாட்டுக்கு இல்லை.

காரணம் இதுதான். முந்தின வருட விழாவில், மாணவிகள் உடை மாற்றும் பக்கமாகப் படுதா இழுக்கும் ஆட்கள் போகவும் வரவும் இருந்தார்கள் என்று இரண்டு பெற்றோர் புகார் எழுதிவிட்டார்கள். பிரின்ஸிபால் அம்மாள் நாடகத்தையே நிறுத்திவிடும் யோசனையில் இருந்தார். நான் அப்போது ஒரு வருடத் தற்காலிக டியூட்டர். கல்லூரியில் காலெடுத்து வைத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்தத் துணிச்சலில் நேரே அவர் அறைக்குப் போய், “மேடை வேலை முழுசையும் பிள்ளைகளுக்கே சொல்லித் தர்றேன் மேடம். தச்சு வேலை, படுதா, விளக்கு எல்லாம்” என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சனிக்கிழமை மத்தியானம் எடுத்துக்குங்க. விழா அன்னிக்கு ஒரு ஆம்பளை மேடை மேல ஏறக் கூடாது. ஏறலைன்னா அடுத்த வருஷம் டைம்டேபிள்ல வகுப்பாவே போடறேன், உங்களுக்கு நிரந்தர வேலைக்கும் எழுதறேன். ஏறிட்டாங்கன்னா நாடகமும் கிடையாது, வகுப்பும் கிடையாது. அப்புறம் உங்களுக்குக் கொடுக்க என்கிட்ட வேற வேலையும் கிடையாது.”

என் வேலை போனால் எனக்கு மட்டும் போவதில்லை. ரெட்டியார்சத்திரம் பக்கம் கத்தரியும் தக்காளியும் போடும் குடும்பம் எங்களுடையது. அதில் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். என் அப்பா ஊரில் டீக்கடை, பஸ் ஸ்டாப், சந்தை என்று ஓரிடம் விடாமல் மகள் காலேஜில் பாடம் சொல்லித் தருகிறாள் என்று சொல்லிவைத்திருந்தார். என்ன பாடம் என்று யாராவது கேட்டால் மட்டும் சங்கடம்.

“மேடைப் பாடம்பா” என்று நான் விளக்கியிருந்தேன். “நாடகத்துக்கு மேடை எப்படிக் கட்டுறது, விளக்கு எப்படிப் போடுறதுன்னு.”

“கரண்டுன்னா அது சயின்ஸு தானே?” என்றார் அப்பா. அன்றிலிருந்து ஊருக்கு நான் சயின்ஸ் டீச்சர்.

எனக்கு மேடை வேலையில் பிடிப்பு மதுரையில் பி.ஏ. படித்தபோது வந்தது. உயரமும் கனத்த குரலும் இருந்ததால் முதல் வருடம் என்னை ராஜாவாகப் போட்டார்கள். வசனத்தை மறந்தேன். இரண்டாம் வருடம் மந்திரி, மூன்றாம் வருடம் வாயில்காப்போன். அப்படியே பதவி இறங்கி இறங்கிப் படுதாவுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தபோதுதான், நாடகத்தை நடத்துவதே அங்கிருப்பவர்கள்தான் என்று தெரிந்தது. பட்டம் வாங்கியதும் கோடையில் ஆறு வாரம் நாடகப் பயிற்சி முகாம் ஒன்றுக்குப் போனேன். அங்கே கற்றதுதான் என் முழுச் சொத்து.

முதல் சனிக்கிழமை பதினெட்டுப் பேர் வந்தார்கள். ஏழு பேர் பவுடர் டப்பாவோடு வந்திருந்தார்கள். ஆளுக்கொரு சுத்தியலைக் கையில் கொடுத்தேன். பாயிடம் நான் சொன்னபடியே முதலில் விரல்தான் அடிபட்டது. சாக்குகளைப் பிரித்துத் தைத்து, சட்டத்தில் இழுத்துக் கட்டி, புளியங்கொட்டைப் பசையைக் காய்ச்சிப் பூசி, அதன்மேல் வண்ணம் அடித்தோம். படுதாவை ஏற்றும் கயிறு ஓடுவதற்கு அதில் நூறு வளையம் முடிச்சுப் போட்டுக் கட்ட வேண்டியிருந்தது. நான் முகாமில் கற்ற முடிச்சைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால், மல்லிகைத் தோட்டத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் சரம் கட்டுகிற வேகத்தில் நூறையும் முடித்துவிட்டு, “அடுத்து என்ன மிஸ்?” என்று உட்கார்ந்திருந்தார்கள். படத்தை அழித்துவிட்டேன்.

பின்திரையில் எங்கள் ஊருக்குப் பக்கத்துச் சிறுமலையை வரையும்போது பெரிய சண்டை. டவுன் பெண்களுக்கு மலை ஒரு மாதிரி தெரியும், வத்தலக்குண்டு பக்கத்துப் பெண்களுக்கு வேறு மாதிரி. “எங்க ஊர்ல இருந்து பாத்தா இந்த மேடு கெடையாது!” “ஒங்க ஊர்க்காரக வரப்போறதில்ல, பேசாம வரைடி!” கடைசியில் ஆளுக்குப் பாதியாக வரைந்தார்கள். அப்படி ஒரு மலை உலகத்தில் எங்கும் இல்லை. ஆனால் தூரத்திலிருந்து பார்க்க அழகாக இருந்தது.

விளக்கை மங்கச் செய்ய மண்பானையில் உப்புத் தண்ணீர் ஊற்றி, மின்சாரக் கம்பி கட்டிய தகட்டை அதில் இறக்கி ஏற்றுவோம். தகடு ஏற ஏற விளக்கு மங்கும். பிரின்ஸிபால் அம்மாள் இதைப் பார்க்க வந்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

“இது பத்திரமா?”

“பாத்தா பத்திரம் மேடம். தொட்டாத்தான் இல்ல.”

அவர் பார்த்ததோடு சரி.

என் வகுப்பில் நான் விடாமல் சொல்லிய விதி ஒன்று உண்டு. மேடையில் எதுவும் பொய்யாக இருக்கக் கூடாது. குடம் என்றால் தண்ணீர் இருக்க வேண்டும், அடுப்பு என்றால் சாம்பல் இருக்க வேண்டும். “பாக்கிறவங்க கண்ணை ஏமாத்தவே முடியாது” என்று வாரா வாரம் சொன்னேன். இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவள், மேடைப் பொருள்களுக்குப் பொறுப்பாக நான் போட்டிருந்த மாணவி. அவள் அப்பா டவுனில் பூட்டுப் பட்டறை வைத்திருந்தார். ஒல்லியாக இருப்பாள், பேச்சு குறைவு. ஒரு ஸ்பூன் இடம் மாறியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள்.

நாடகம் மாணவிகளே எழுதியது. மாமியார், மருமகளுக்கு வந்த கல்லூரிக் கடிதத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறாள். மூன்றாம் காட்சியில் மருமகள் சாவியைக் கண்டெடுத்து, பெட்டியைத் திறந்து, கடிதத்தோடு கிளம்புகிறாள். ஒத்திகை முழுக்க ஒரு துருப்பிடித்த சின்னப் பூட்டை வைத்துத்தான் நடந்தது.

விழா சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு. காலையில் அந்த மாணவி துணிப்பையைத் திறந்து மாங்காய் வடிவத்தில் செய்த மாங்காய்ப் பூட்டு ஒன்றை வெளியே எடுத்தாள். உள்ளங்கை நிறைய இருந்தது, தங்கம் போல மின்னியது.

“அப்பா குடுத்துவிட்டாக மிஸ். எங்க பூட்டுக்காரத் தெருவே நாடகம் பாக்க வருதாம். துருப்பிடிச்ச பூட்டை வச்சா அவுக எப்படித் தலை நிமிந்து நடப்பாகன்னு கேக்குறாக.”

“நல்லாத் திறக்குமா?”

“சும்மா மாட்டி மட்டும் வை, பூட்டிராதேன்னு சொன்னாக.”

அந்த இடத்தில் ஏன் என்று நான் கேட்டிருக்க வேண்டும். வேறு ஏதோ வேலையாகக் கூப்பிட்டார்கள், போய்விட்டேன்.

நாலு மணிக்கு மண்டபம் நிறைந்திருந்தது. ஜன்னல்களையெல்லாம் சாக்குப் போட்டு மூடி, உள்ளே இருட்டாக்கியிருந்தோம். முன்வரிசையில் பிரின்ஸிபால் அம்மாள். மூன்றாம் வரிசை முதல் பூட்டுக்காரர்கள், வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக. பின்னால் எங்கேயோ என் அப்பா. படுதா தடங்கல் இல்லாமல் ஏறியது. விளக்கு சொன்ன நேரத்துக்கு மங்கியது. இரண்டாம் காட்சி முடியும்போது நான் மேடையின் ஓரத் தட்டிக்குப் பின்னால் நின்று, டைம்டேபிளில் எந்தக் கிழமை கேட்கலாம் என்று யோசிக்க ஆரம்பித்திருந்தேன்.

மூன்றாம் காட்சி. மருமகளாக நடித்தவள் சாவியைப் போட்டுத் திருப்பினாள். பாதி திரும்பி நின்றுவிட்டது. மறுபடி திருப்பினாள். அதே பாதி. வசனம் ஒன்றைச் சொந்தமாகச் சேர்த்துக்கொண்டாள்: “ஐயோ, என் விதியைப் போல இந்தப் பூட்டும் இறுகிக் கிடக்கிறதே!” கைதட்டல் விழுந்தது. பூட்டு விழவில்லை.

என் பக்கத்தில் நின்ற பூட்டுக்காரர் மகள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். “நான் பூட்டிட்டேன் மிஸ்” என்றாள். “பூட்டாம மாட்டுனா எங்க தெருக்காரக கடைசி வரிசையில இருந்தே கண்டுபிடிச்சிருவாக. பொய்யா இருக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீக?”

“சரி, எப்படித் திறக்கிறது?”

“தெரியாது. அது ரகசியப் பூட்டு, சாவி மட்டும் போட்டாத் திறக்காது. ரகசியத்தைப் பொம்பளப் புள்ளைககிட்டச் சொல்ல மாட்டாக மிஸ். நாளைக்குக் கட்டிக்குடுத்த வீட்டுக்குப் போயிரும்ல. என் தம்பிக்கு மட்டுந்தான் சொல்லுவாக. அவனுக்கு இன்னும் ஏழு வயசு.”

அதற்குள் மூன்றாம் வரிசை புரிந்துகொண்டுவிட்டது.

“ரகசியப் பூட்டுடோய்!”

“தாயி, கீழ ஒரு ஆணி இருக்கும், அமுக்கு!”

“கீழ இருக்கிறது என் பூட்டுல. இவரு பூட்டுல மேலதான் இருக்கும்.”

“நீ எப்ப அவரு பூட்டைப் பிரிச்சுப் பாத்த?”

“பாக்கல அப்பு, சும்மா ஒரு யூகந்தான்!”

மண்டபம் சிரித்துக் குலுங்கியது. மேடையில் மருமகள் ஒவ்வொரு யோசனையையும் செய்து பார்த்தாள். எதுவும் பலிக்கவில்லை. எல்லோரும் ஒருவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பூட்டைக் கொடுத்துவிட்ட அந்த மாணவியின் அப்பா வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். வழியைக் கத்திச் சொன்னால் தெரு முழுக்க அவர் ரகசியத்தைக் கற்றுக்கொள்ளும். சொல்லாவிட்டால் நாடகம் நிற்கும். திடீரென்று எழுந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

“செத்த இருங்க, நானே வாரேன்” என்று மேடையை நோக்கி நடந்தார்.

பிரின்ஸிபால் அம்மாள் நாற்காலியில் நிமிர்ந்தார். நான் போய்த் தடுத்தால் நாடகம் உடையும். தடுக்காவிட்டால் வகுப்பு போகும், வேலை போகும், ஊரில் அப்பாவின் சயின்ஸ் டீச்சரும் போவாள். பூட்டுக்காரர் மேடைப் படியில் கால் வைக்கப் போனார்.

அப்போது என் பக்கத்திலிருந்த அவர் மகள் தாவணி முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு, வேலைக்காரி மாதிரி குனிந்தபடி மேடைக்குள் போய்விட்டாள். நேரே மேடை விளிம்பில் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

“அங்கனயே நில்லுங்கப்பா. மேல ஏறாதீக. காதுல சொல்லுங்க.”

“ஒனக்கா?”

“எனக்குத்தான்.”

அவர் நின்றார். மகளைப் பார்த்தார், தெருக்காரர்களைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு ஒரு செமஸ்டர் கழிந்தது போலிருந்தது. பிறகு துண்டால் வாயை மறைத்துக்கொண்டு அவள் காதோரம் குனிந்தார். மூன்றாம் வரிசை மொத்தமாக முன்னால் சாய்ந்தது.

அவள் எழுந்து பெட்டியிடம் போனாள். சபைக்கு முதுகைக் காட்டி நின்றாள். நானே கற்றுக்கொடுத்த நிற்கும் முறைக்கு அது நேர் எதிர். ஆனால் அன்றைக்கு அதைவிடச் சரியான முறை வேறு இல்லை. ‘டக்’ என்ற சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்கும். “இந்தாங்கம்மா கடுதாசி” என்று மருமகளிடம் நீட்டிவிட்டு, வந்த மாதிரியே குனிந்து வெளியே வந்தாள். கைதட்டல் நிற்கவே இல்லை. உப்புப் பானைக்காரி அந்தக் கலவரத்தில் விளக்கை மங்கச் செய்ய மறந்துபோனாள்.

எல்லோரும் கலைந்து போகும்போது அப்பா என்னைத் தேடி வந்தார். “நாடகம் அருமையா இருந்துச்சு தாயி. நீ எங்கன இருந்த? ஒன்னையக் காணவே இல்லையே?”

“காணலைன்னா நான் ஒழுங்கா வேலை பாத்திருக்கேன்னு அர்த்தம்பா.”

“சயின்ஸுன்னா அப்படித்தான்” என்றார், பக்கத்தில் நின்றவருக்கும் கேட்கும்படி.

திங்கட்கிழமை பிரின்ஸிபால் அம்மாள் அழைத்தார். சிரிக்காமலேதான் கேட்டார்.

“ஒருத்தர் மேடை விளிம்பு வரைக்கும் வந்துட்டார். அதை எப்படி எடுத்துக்கறது? நீங்கதானே மேடை டீச்சர், சொல்லுங்க.”

“பலகையில கால் படலை மேடம். பலகைக்கு முன்னாடி இருக்கிறதெல்லாம் சபைதான். சபையில ஆம்பளைங்க எவ்வளவு தூரம் வேணா வரலாம்.”

அவர் பேனாவை எடுத்தார். “செவ்வாய், வியாழன், கடைசி ரெண்டு பீரியட். உங்க வேலைக்கும் இன்னிக்கே எழுதிடறேன். ஆனா ஒண்ணு. கட்டடத்துல ஒரு ரூம்கூட மிச்சமில்லை. உங்க சுத்தியல் சத்தத்துக்குப் பக்கத்து வகுப்பு எதுவும் நடக்காது. இடத்தை நீங்களே பாத்துக்குங்க.”

வெளியே வந்தால் வராந்தாவில் பதினெட்டுப் பேரும் நின்றார்கள். பூட்டுக்காரர் மகள் முன்னால் நின்றாள். “என்ன சொன்னாக மிஸ்?” என்றாள். சொன்னேன். “இடந்தானே?” என்றாள்.

விடுதிக்குப் பின்னால், கிணற்றடியைத் தாண்டி, முள்ளும் கல்லுமாகச் சும்மா கிடந்த ஒரு நிலத்தை அவள் காட்டினாள். போன வாரம் முழுக்க முள்ளை வெட்டினோம். நான்கு மூலையிலும் முளையடித்து, கயிறு பிடித்து, திறந்தவெளி மேடைக்கு முப்பதடிக்கு இருபதடி அளந்தோம். மேடையை உயர்த்துவதற்கு அப்பா எங்கள் நிலத்திலிருந்து இரண்டு வண்டிச் செம்மண் அனுப்புவதாகச் சொன்னார். முதல் வண்டி இன்று காலை வந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் கூடையை நான் கொட்டினேன்.