ஐயா வாய் திறக்காத மாதம்

போதகருக்கு உதவிக்கு நிற்கிறவனின் வேலை அவர் பேசும்போது மைக் பிடிப்பதல்ல, அவரைப் பேசவிடாமல் பிடிப்பது என்பது எனக்கு இந்த வருஷம்தான் தெரிந்தது.

எங்கள் ஐயாவுக்குத் தொண்டையில் வீக்கம். ஒரு மாதம் வாயே திறக்கக்கூடாது, திறந்தால் குரல் திரும்ப வராமலே போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் துபாய் அல் கூஸில் ஒரு கிடங்குக்கு ராத்திரி வாட்ச்மேன். பகலிலும் தூக்கம் வராத ஆள். அதனால் ஐயாவுக்குக் காவல் என் தலையில் விழுந்தது. சபை வேலை பார்க்கிற உங்களுக்கு இதன் அவஸ்தை புரியும்.

போனில் தலையாட்டியது

ஷார்ஜாவிலிருந்து சபைத் தங்கச்சி ஒருத்தி, வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டேன். ஐயா தலையாட்டினார். போனில் தலையாட்டினால் யாருக்குத் தெரியும்? "ஐயா ஆமாங்கிறார்", "ஐயா வருத்தப்படுறார்" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அழுது, மூக்கைச் சிந்தி, கடைசியில் தெளிவான குரலில் சொன்னாள்:

"அண்ணா, இத்தனை வருஷத்துல ஐயா இன்னைக்குத்தான் என்னை முழுசாப் பேசவிட்டார்."

சீக்கிரம் காலியான ஹால்

ஒரே ஹாலில் எங்களுக்குப் பின்னால் மலையாள ஆராதனை. எங்கள் ஐயா பாவமன்னிப்பு ஜெபத்தை முடிப்பதற்குள் அவர்கள் வாசலில் கால் மாற்றி மாற்றி நிற்பார்கள். அந்த வெள்ளிக்கிழமை வேதபாடம் வாசித்து, பாட்டுப் பாடி, சொன்ன நேரத்துக்கு முன்பே வெளியே வந்துவிட்டோம். சாயா கப்போடு நின்ற அவர்களுடைய ஆள் திகைத்துப் போனார்:

"எந்தா சேட்டா, இந்த வாரம் தமிழன்மார் யாரும் பாவம் செய்யலையா?"

ருவைஸில்

மாதக் கடைசியில், அபுதாபியையும் தாண்டி ருவைஸில் இருக்கும் எங்கள் கிளைச் சபை. பிரசங்கம் நான். டியூட்டியில் உட்கார்ந்து தயார் செய்தது, மைக் முன்னால் நின்றதும் ஒன்றும் வரவில்லை. "உங்க வேண்டுதலைச் சொல்லுங்க" என்று மட்டும் கேட்டேன். பிறகு எண்ணெய் பிளான்டில் வேலை பார்க்கும் செல்வராஜ் எழுந்தான். அம்மா இறந்துவிட்டாள், லீவு கிடைக்கவில்லை, அடக்கத்தை வீடியோவில் பார்த்தேன் என்றான்.

முன்வரிசையில் இருந்த ஐயா எழுந்து வாயைத் திறந்தார். கையைக் காட்டினேன். மூடிக்கொண்டார். போய் அவன் தோளில் கைவைத்து நின்றார். பிறகு ஒவ்வொருவராக எழுந்து தங்கள் கஷ்டத்தைச் சொன்னார்கள்.

செல்வராஜோடு ரூமில் இருக்கும் அரியலூர் முருகேசன் இந்து. துணைக்கு வந்தவர், வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்:

"இவங்க அம்மா செத்ததே எனக்கு இப்பத்தாண்ணே தெரியும். பக்கத்துப் பக்கத்துக் கட்டில்ல படுத்திருக்கோம்."

டாக்டர் சொன்னது

தொண்டைக்குள் கேமராவை விட்டுப் பார்த்த டாக்டர், "கலாஸ், முடிஞ்சுது, பேசலாம்" என்றார். எனக்குத்தான் மூச்சு வந்தது. ஐயா தண்ணீர் குடித்தார், செருமினார். கரகரப்பாக இருந்தாலும் அவர் குரலேதான்:

"ருவைஸ்ல இனிமே நீயே நில்லுப்பா. நான் முன்னால உக்காந்துக்கிறேன்."

ஐயாவின் குரல் பிழைத்த சந்தோஷத்தில் யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டேன், இப்போது ருவைஸ் ரோட்டைப் பார்த்தாலே வறள்வது என் தொண்டை.