பனித்தரைக்கு மேல் ஒரு மேடை

நான் வேலை செய்த உணவகத்தின் கட்டடத்தை விற்றுவிட்டார்கள். பாத்திரம் கழுவத் தொடங்கி, காய்கறி வெட்டும் மேசைவரை உயர்ந்திருந்தேன். திரும்பவும் வேலை தேட வேண்டியதாயிற்று. நகரின் கோட்-தே-நேஜ் பகுதியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த வேலைவாய்ப்பு நிலையத்துக்குப் போனேன். அங்கே ஆலோசகராக இருந்தவர் ஹெய்ட்டியில் பிறந்த ஒரு பெண்மணி. இந்த மாகாணத்தின் மொழியான பிரெஞ்சு எனக்கு அப்போது தட்டித் தடவித்தான் வரும். அவர் என்னை அவசரப்படுத்தவில்லை.

"உங்கள் நாட்டில் என்ன வேலை செய்தீர்கள்?" என்று கேட்டார்.

மன்னாரில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடையில் இருந்தேன் என்றேன். கோயில் பெருநாள், கலியாணம், உதைபந்தாட்டம் என்று எங்கே சனம் கூடினாலும் நாங்கள் முன்கூட்டியே போய்க் கம்பம் நட்டு வயர் இழுத்துவிட வேண்டும். எல்லாரும் வீட்டுக்குப் போனபின் கழற்றி லொறியில் ஏற்ற வேண்டும். இதையெல்லாம் இங்கே ஒரு தொழில் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

அவர் கணினியைத் தன் பக்கம் திருப்பி ஏதோ தேடினார். கலை, கேளிக்கை, விளையாட்டு எல்லாம் ஒரே பிரிவில் இருந்தன. "நடிப்புக்கும் விளையாட்டுக்கும் இந்த மாகாணத்தில் எப்போதும் ஆட்கள் அதிகம், இடம் குறைவு. அதை விடுங்கள்," என்றார். "ஆனால் குளிர்காலம் முழுக்கப் பனித்தரையில் ஹாக்கி, கோடை முழுக்க விழா. சனம் வந்து உட்காருமுன் அந்த இடத்தை யாராவது ஆயத்தம் செய்யத்தானே வேண்டும்? நீங்கள் அந்த ஆள்."

என் முன்னாலேயே தொலைபேசியை எடுத்துப் பேசினார். இவருக்கு அனுபவம் இருக்கிறது என்று அவர் சொன்னது எனக்கு விளங்கியது. பெருநாளுக்குக் கம்பம் நட்டதை அனுபவம் என்று சொன்ன முதல் ஆள் அவர்தான்.

அன்று மாலை மனைவியிடம், நகர நடுவிலுள்ள பெரிய ஹாக்கி அரங்கில் வேலை கிடைத்திருக்கிறது என்றேன்.

"ஹாக்கி விளையாடுற இடத்திலயோ? அங்கை உங்களுக்கு என்னப்பா வேலை?"

"ஐஸை மூடுறது."

"மூடிப்போட்டு?"

"பேந்து திறக்கிறது."

அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த அகப்பையை வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார வேண்டி வந்தது.

ஆனால் வேலை அதுதான். இன்று ஆட்டம் என்றால் நாளை இசை நிகழ்ச்சி. இரண்டுக்கும் ஒரே தரை. பனியை உருக்கமாட்டார்கள். அதன்மேல் கனமான பலகைகளை ஒன்றோடொன்று பூட்டி, முழுத் தரையையும் மூட வேண்டும். சுற்றியிருக்கும் கண்ணாடித் தடுப்புகளைக் கழற்ற வேண்டும். கதிரைகளை வரிசையாகப் போட வேண்டும். காலையில் தொடங்கினால் பின்னேரம் மேடைக்காரர்கள் வரும்போது அங்கே பனி இருந்ததே தெரியாது. எனக்கு மட்டும் உள்ளங்கால் வழியாகக் குளிர் ஏறிக்கொண்டிருக்கும்.

ஒரு பலகையைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். எனக்குக் கிடைத்த கூட்டாளி மாகாணத்தின் வடக்கே சகெனே பக்கத்திலிருந்து வந்தவன். என் வயதுதான், ஆனால் கதவை அடைக்கும் உருவம். நான் பனியில் ஒவ்வோர் அடியையும் யோசித்து வைப்பேன். அவன் சாதாரணச் சப்பாத்தோடு முற்றத்தில் நடப்பதுபோல் நடப்பான். ஒருநாள் வெறும் இருக்கைகளில் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டபோதுதான் காரணம் சொன்னான். இளையோர் லீக்கில் அவன் கோல் காப்பாளனாக இருந்தவன். முழங்கால் போய்விட்டது.

"இந்த அரங்கில் இறங்க வேண்டும் என்பதுதான் எனக்கு ஒரே கனவு," என்றான். "இறங்கிவிட்டேன், பார்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். என் சாப்பாட்டுப் பெட்டியை அவன் பக்கம் நீட்டினேன். மனைவி பொரித்த மீன் கட்லட் இருந்தது. இரண்டை எடுத்தான். மறுநாள் முதல் மனைவி கூடுதலாகவே வைத்துவிட்டார்.

எங்கள் குழுவில் பாதிப்பேர் இப்படித்தான். நடன வாய்ப்புக்காகக் காத்திருக்கும் பெண் ஒருத்தி, வார இறுதியில் மட்டும் அக்கோடியன் என்ற துருத்தி வாத்தியம் வாசிக்கும் ஒருவர், விளம்பரத்தில் ஒருமுறை முகம் காட்டிய நடிகர். ஆடவும் பாடவும் இந்த நகரத்துக்கு வந்தவர்கள், வேறு யாரோ ஆடிப் பாடுவதற்குத் தரை போட்டார்கள். அவர்கள் அதை ஒரு குறையாகப் பேசி நான் கேட்டதில்லை. வேலை நேரத்தில் அக்கோடியன்காரர் வாயாலேயே மெட்டுப் போடுவார். நாங்கள் அதற்கேற்பப் பலகை வைப்போம்.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு இலையுதிர்காலத்தில் ஹாக்கி நின்றுபோனது. அணிகளின் முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் சம்பளத் தகராறு. எங்கள் மேற்பார்வையாளர் எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"ஆட்டம் இல்லையென்றால் பனி போடப்போவதில்லை. பனி இல்லையென்றால் மூடுவதற்கும் ஒன்றுமில்லை," என்றார். ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து அனுப்பினார்.

கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர்களைப் பற்றித்தான் தொலைக்காட்சி முழுக்கப் பேச்சு. பலகை தூக்குகிறவர்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. மனைவிதான் ஆற்றினார். அவர் அப்போது கார்டெரி எனப்படும் ஒரு காப்பகத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ரை வேலை இருக்குத்தானே. ஏன் முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிறியள்? கொஞ்ச நாள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. அவளுக்கும் ஆசைதான்."

அப்படியே செய்தேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம்வரை பிரெஞ்சிலேயே பேசிக்கொண்டு வருவாள். என் பிரெஞ்சு திருந்தியது அந்த மாதங்களில்தான்.

முதல் பனி விழுந்த பிறகு என் கூட்டாளி தொலைபேசியில் அழைத்தான். ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யில் ஒரு நாடக அரங்கில் மேடைப் பணியாள் தேவையாம். அவனுடைய தங்கை அங்கே டிக்கெட் கொடுக்கிறவள். நாளைக் காலை வா என்றான். மெட்ரோவில் மஞ்சள் வழித்தடத்துக்கு மாறி, ஆற்றைக் கடந்து போய் இறங்கினேன். அவன் எனக்காக வாசலில் நின்றான்.

அரங்கின் தொழில்நுட்பப் பொறுப்பாளர் கட்டையாக முடி வெட்டிய ஒரு பெண். இடுப்பில் சாவிக்கொத்து. அவனைப் பார்த்ததும், "நல்லது, உன் தங்கை உன்னைப் பற்றிச் சொன்னாள். ஆனால் ஒரு இடம்தான் இருக்கிறது," என்றார்.

"எனக்கில்லை," என்றான் அவன். "இவருக்கு."

நான் திடுக்கிட்டுப் போனேன். வேலை எனக்கென்று முடிவாகி வெளியே வந்ததும் படிக்கட்டில் அவனை நிறுத்திக் கேட்டேன். "உனக்கும்தானே வேலை இல்லை?"

"இங்கே நாள் முழுக்க ஏணி ஏற வேண்டும். என் முழங்கால் தாங்காது," என்றான்.

அந்த முழங்காலோடு அவன் என் முன்னால் பலகை தூக்கியதை நான் பார்த்திருக்கிறேன். அவன் சொன்னது உண்மையா, என் குடும்பத்தை நினைத்துச் சொன்னதா என்று இன்றுவரை தெரியாது. கேட்டால் சொல்லவும் மாட்டான்.

புதிய இடத்தில் என் வேலை கயிறுகளோடு. மேடைக்கு மேலே பார்வையாளருக்குத் தெரியாமல் திரைகளும் காட்சிப் படங்களும் தொங்கும். பக்கச் சுவரிலிருக்கும் கயிற்றை இழுத்தால் அவை இறங்கும், ஏறும். பொறுப்பாளர் காதுக்கருவியில் கட்டளை சொல்வார். எனக்கு விளங்காத சொல் வந்தால் அடுத்த தடவை அதையே மெதுவாகச் சொல்வார், கோபம் கலக்காமல். விளங்கிய பிறகும் சில மாதங்கள் மெதுவாகவே சொன்னார். நான்தான் வேகமாகச் சொல்லலாம் என்றேன். அன்று எனக்கு ஒரு கோப்பி வாங்கித் தந்தார்.

ஒரு வசந்தகாலத்தில் மகளின் வகுப்பு பஸ்ஸில் ஆற்றைக் கடந்து எங்கள் பகல் காட்சிக்கு வந்தது. காட்சி முடிந்ததும் பொறுப்பாளர் பிள்ளைகளை மேடைக்கு ஏற்றினார். நாடகத்தில் வந்த பெரிய நிலா எப்படி இறங்குகிறது என்று காட்டச் சொன்னார். நான் கயிற்றை இழுத்தேன். நிலா ஆடாமல் இறங்கிப் பிள்ளைகளின் தலைக்கு மேலே நின்றது. மகள் பக்கத்திலிருந்த சிநேகிதியிடம், "அது என் அப்பா," என்று பிரெஞ்சில் சொன்னது எனக்குக் கேட்டது. இரவுச் சாப்பாட்டின்போது அவள் தமிழில் கேட்டாள்:

"அப்பா, நாளைக்கும் நிலாவை இறக்குவீங்களோ?"

"ஓம் அம்மா, நாளைக்கும் இறக்குவன்."

மனைவி என்னைப் பார்த்த பார்வையில், நாங்கள் இந்த நாட்டில் பட்ட பாடெல்லாம் கொஞ்சம் இலேசானது.

கூட்டாளிக்கும் நல்லது நடந்தது. பக்கத்து நகரான லவாலில் நகரசபை நடத்தும் ஒரு சிறிய பனி அரங்கில், தரையை மழமழப்பாக்கும் இயந்திரம் ஓட்டும் வேலை. மெட்ரோ லவால்வரை ஓடத் தொடங்கிய ஆண்டில் குடும்பமாகப் பார்க்கப் போனோம். வேலை முடிந்தபின் சிறுமிகளுக்குக் கோல் காக்கப் பழக்கிக்கொண்டிருந்தான். பனியில் குனிந்து நின்று, பந்துக்குப் பதிலாக வரும் கறுப்பு வட்டைத் தடுத்து, உரத்துக் கத்திச் சிரித்துக்கொண்டிருந்தவனை அதற்குமுன் நான் அவ்வளவு சந்தோசமாகக் கண்டதில்லை. நன்றி சொல்ல வாயெடுத்தேன். கையை வீசிப் பேச்சை மாற்றிவிட்டான். மனைவி கொண்டுபோன பொட்டலத்தை மட்டும் மறுக்கவில்லை.

இரண்டாயிரத்துப் பத்தை நெருங்கும்போது எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்த ஓர் அக்காவின் வேலை போனது. ஷபனெல் தெருவில் அவர் தைத்த ஆடைத் தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே நின்றபோது, எங்கள் அரங்கில் உடை தைக்க ஆள் தேடுகிறார்கள் என்றேன்.

"தம்பி, நாடகக்காரரோடயோ? அங்கை என்னைப்போல ஆக்களை எடுப்பினமே? பிரெஞ்சும் வராது."

"எனக்கும் வரேல்லை அக்கா. வாங்கோ, நான் கதைச்சு விடுறன்."

என்னை அழைத்துப் போனவன் செய்ததுபோல் வாசலில் நின்று அவரைக் கூட்டிப் போனேன். பொறுப்பாளரிடம், இவருக்கு அனுபவம் இருக்கிறது என்று சொன்னேன். எடுத்துக்கொண்டார்கள்.

அவர் சேர்ந்தபின் வந்த முதல் நாடகத்தின் ஒத்திகையன்று அக்கா திரைக்குப் பின்னால் என் பக்கத்தில் வந்து நின்றார். கதாநாயகன் நீலக் கோட்டோடு வெளிச்சத்துக்குள் நடந்து போனான். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"தம்பி, அந்தக் கோட்டுக் கை நான் தைச்சது. வடிவா விழுந்திருக்கு, என்ன?"

"நல்ல வடிவு அக்கா," என்றேன். காதுக்கருவியில் எனக்கான கட்டளை வந்தது. அவரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுக் கயிற்றைப் பிடித்தேன்.