கேன்டீன் முதல் பக்கத்துக்கு வந்த விதம்

1991-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். மணிமங்கலத்திலிருந்து பஸ் மாறிப் போவேன். ஆபீஸின் ஒரே கம்ப்யூட்டர் என் மேஜையில்தான். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. தொழிற்சாலையின் கையேட்டை அதில் ஒழுங்காக அடித்துக் கொடுத்தால் வேலை நிரந்தரம் என்று ஜெனரல் மேனேஜர் சொல்லியிருந்தார்.

அடிப்பது சுலபம். அத்தியாயங்களை இடம் மாற்றுவதுதான் பெரும்பாடு. ஒவ்வொரு துறைத் தலைவரும் தனியாக வந்து, குரலைத் தாழ்த்தி, தன் அத்தியாயத்தை முன்னால் போடச் சொல்வார். போட்டால் மற்றவர்கள் சாயங்காலம் என் மேல் பாய்வார்கள். அத்தியாயத்தின் தலையில் ஒரு குறி, காலில் ஒரு குறி வைத்துவிட்டு, அது போகவேண்டிய இடத்தில் நின்று விசையைத் தட்ட வேண்டும். ஒருநாள் குவாலிட்டி துறைத் தலைவர் அவசரப்படுத்தியதில் இரண்டு குறியும் ஒரு வரி கீழே விழுந்தன. அவருடைய தலைப்பு மட்டும் அங்கேயே தங்கிவிட, அதற்கடியில் அடுத்த அத்தியாயமான கேன்டீன் விதிகள் வந்து உட்கார்ந்துகொண்டன.

மீட்டிங்கில் ஜெனரல் மேனேஜர் அதை உரக்கப் படித்தார். தரப் பரிசோதனைத் துறையினர், இரண்டாம் முறை சாம்பார் கேட்பவரைப் பார்த்து முகம் சுளிக்கக் கூடாது. குவாலிட்டி தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. இன்னொரு முறை இப்படி நடந்தால் நான் வேலைக்கு வரவேண்டாம் என்று உத்தரவாயிற்று. எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது.

எல்லாவற்றையும் பழைய வரிசைக்குக் கொண்டுவந்து ஒரு சட்டம் போட்டேன். இனி யாரும் ஒரே தாவலில் மேலே போக முடியாது. நேர் மேலே இருப்பவரைக் கையோடு கூட்டி வர வேண்டும். அவர் சம்மதித்தால் அந்த இருவர் மட்டும் இடம் மாறுவார்கள். மற்ற யாரும் அசைய மாட்டார்கள். அதோடு கூட்டம் நின்றது. யார் போய் யாரிடம் கெஞ்சுவது?

கடைசி அத்தியாயத்துக்குச் சொந்தக்காரரான கேன்டீன் சூப்பர்வைசர் மட்டும் வந்தார்.

"எனுக்கு மேல யாரு கீறாங்க, தங்கச்சி?"

குவாலிட்டி என்றேன். மறுநாள் அவரோடு அதே குவாலிட்டி தலைவர் வாய் நிறைய மெதுவடையோடு வந்து, பேச முடியாமல், திரையைப் பார்த்துத் தலையாட்டினார். அப்புறம் ஸ்டோர்ஸ்காரர் கேசரியோடு வந்தார். அப்புறம் புரொடக்‌ஷன்காரர். முதலில் இருந்த ஜெனரல் மேனேஜரின் முன்னுரைதான் மிச்சம்.

அவரும் வந்தார், ஏலக்காய் டீயோடு.

"நான் வேணாம்னு சொன்னா?" என்று கேட்டார்.

"எதுவும் நகராது சார்."

ஒரு மடக்கு குடித்தார். "சரி, மாத்தும்மா."

கையேடு மெட்ராஸ் தலைமை அலுவலகத்துக்குப் போனது. மறுநாளே போன் வந்தது. ஜெனரல் மேனேஜர் என்னை எதிரில் நிற்க வைத்துக்கொண்டு பேசினார். சாம்பாரை முதல் அத்தியாயமாக வைத்த முட்டாள் யார் என்று அந்தப் பக்கம் கத்தியது எனக்கே கேட்டது. வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"தப்பு ஒண்ணும் நடக்கல சார்," என்றார் அவர். "நானே பக்கத்துல நின்னு பாத்துதான் மாத்தச் சொன்னேன்."

போனை வைத்ததும் என் நிரந்தர உத்தரவில் கையெழுத்துப் போட்டார். அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் கேன்டீன் சூப்பர்வைசர் காத்துக்கொண்டிருந்தார்.

"மொத பக்கத்துக்கு மேல அட்டைன்னு ஒண்ணு கீதே தங்கச்சி, அதுக்கு யார இட்டுனு வரணும்?"