ஆண்டவர் டின்

எங்கள் வீட்டில் எனக்கு சி.ஐ.டி. என்று பெயர். வைத்தவர் அப்பா. பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தது யார், ரிமோட்டிலிருந்து பேட்டரியைக் கழற்றியது யார், என் ரப்பரைக் கடித்தது எலியா பக்கத்து வீட்டுப் பையனா என்று எந்நேரமும் விசாரித்துக்கொண்டே இருப்பேனாம். மூன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்கு இவ்வளவு சந்தேகம் ஆகாது என்று அம்மா சொல்வாள். அவள் அப்படிச் சொன்னதாலேயே எனக்கு அவள்மேல் ஒரு கண் இருந்தது. மடியில் கனம் இல்லாதவளுக்கு வழியில் என்ன பயம்?

நாங்கள் மில்லர்புரத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். துறைமுகத்தில் சரக்குகளுக்குக் காகிதம் தயார் செய்து கொடுக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் அப்பாவுக்கு வேலை. அந்த வருஷம் மழை தொடங்கும் முன்பே அதை மூடிவிட்டார்கள். அப்பா ஒரு உப்புக் குடோனில் கணக்கு எழுதப் போனார். வருமானம் பாதியானது. இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டவை. அன்றைக்கு என் கையில் இருந்தவை வெறும் தடயங்கள்தான்.

அம்மா எண்ணெய்ப் பாக்கெட்டைக் கத்தரித்து, உள்பக்கத்தைச் சப்பாத்தி மாவால் ஒற்றித் துடைத்தாள். தேய்ந்த சோப்புத் துண்டுகளை ஒன்றாக அமுக்கி, பச்சையும் சிவப்புமாக ஒரு புதுச் சோப்பு உண்டாக்கினாள். திரேஸ்புரத்திலிருந்து மீன் கொண்டு வரும் அக்காவிடம் காலையில் வாங்குவதை நிறுத்திவிட்டு, அவள் விற்று முடித்துத் திரும்பும்போது கூடையின் அடியில் கிடக்கிற சாளைக்குப் பேரம் பேசினாள். ஏன் என்று கேட்டேன். மத்தியான மீனுக்குத்தான் ருசி என்றாள். அப்பா அதை நம்பியவர்போலத் தலையாட்டினார். அதனால் அவர்மேலும் எனக்குச் சந்தேகம் விழுந்தது.

பிறகு சோறு குண்டாகிப்போனது. அதுவரை மல்லிகை அரும்புபோல ஒல்லியாக இருந்த சோறு, ஒருநாள் பருத்து, ஒரு மாதிரி வாடையோடு தட்டில் வந்து உட்கார்ந்தது. ரேஷன் அரிசி. வாடை போவதற்காக அம்மா அதை உப்புப் போட்ட வெந்நீரில் ஊறவைத்து ஊறவைத்துக் கழுவினாள். இதுதான் உடம்புக்குச் சத்து என்று விளக்கமும் சொன்னாள். சத்து விஷயத்தை நான் ஏற்றுக்கொண்டிருப்பேன். ஆனால் அலமாரியில் கோதுமை மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. அதில் பழைய ஒல்லி அரிசி, நல்ல பொன்னி, கொஞ்சம்.

ஒரு வீட்டில் இரண்டு அரிசி. அப்படியென்றால் நல்லதை யார் சாப்பிடுகிறார்கள்?

நாங்கள் போன பிறகு அம்மா தனக்கு மட்டும் பொங்கிக்கொள்கிறாள் என்று முடிவு கட்டினேன். வயிற்றுவலி என்று டீச்சரிடம் சொல்லி, ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்து நின்றேன். அம்மா அடுப்படியில் உட்கார்ந்து, முந்தின நாள் குண்டுச் சோற்றில் தண்ணீர் ஊற்றி, சுட்ட கருவாட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். வயிற்றுவலிக்கு என்று எனக்கு ஓமத்தண்ணி கொடுத்தாள். அதைக் குடித்ததோடு என் முதல் விசாரணை தோற்றது.

இந்த இடத்தில் எங்கள் சபையின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வீட்டில் சோறு பொங்க அரிசி எடுக்கும்போதெல்லாம் அதிலிருந்து ஒரு பிடி அள்ளித் தனியாக ஒரு டின்னில் போடுவார்கள். அதற்குக் கைப்பிடி அரிசி என்று பெயர். அது ஆண்டவருடைய பங்கு. மாதக் கடைசிச் சனிக்கிழமை பெண்கள் சங்கத்தார் வீடு வீடாக வந்து வாங்கிப்போவார்கள். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது, சபையில் கஷ்டப்படுகிற குடும்பங்களுக்கு அதைப் பையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அந்தப் பைகளைத் தைப்பது அம்மாதான். அப்பாவின் பழைய கைலிகளை வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, நடுவில் சிவப்பு நூலால் ஒரு சிலுவை போடுவாள். முந்தின வருஷம் பை கொடுக்கப் போனபோது நானும் கூடவே போயிருந்தேன். ஒரு வீட்டு அம்மா வாசலிலேயே நின்று பையை வாங்கிக்கொண்டு, ஸ்தோத்திரம் என்று மட்டும் சொன்னாள். எங்களை உள்ளே கூப்பிடவில்லை. குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை என்று வழியெல்லாம் நான் புகார் சொல்லிக்கொண்டு வந்தேன். சும்மா வா என்று அம்மா அதட்டினாள்.

எங்கள் ஆண்டவர் டின், ஒரு பழைய பால்பவுடர் டின். ஒரு காலை நேரம் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தபோது மர்மம் பாதி விலகியது. அம்மா எங்களுக்குக் குண்டு அரிசியைக் களைந்து வைத்துவிட்டு, பொட்டலத்திலிருந்து ஒல்லி அரிசியில் ஒரு பிடி எடுத்து ஆண்டவர் டின்னில் போட்டாள். ஆக, எங்களுக்கு ரேஷன், ஆண்டவருக்குப் பொன்னி. எனக்கு ஆண்டவர்மேல் லேசாகக் கோபம் வந்தது. அவருக்கு மட்டும் ஏன் நல்ல அரிசி என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

"அந்த டின்ன நாலு பேரு தொறந்து பாப்பாங்கல்லா," என்றாள் அம்மா. "நீ வெளிய போயி இதப் பேசிக்கிட்டு இருக்காத."

அந்த வாரம் நாசரேத்திலிருந்து அத்தை வந்தாள். அப்பாவுக்கு அக்கா, பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஒரு சேதி அத்தை காதில் விழுந்தால் அன்றைக்கே சாத்தான்குளம்வரை போய்விடும். தம்பிக்குப் பழைய வேலை போனது அவளுக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொள்வதில்தான் அம்மாவின் மானமே இருந்தது. அப்பா தினமும் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு குடோனுக்குப் போனதும்கூட அதற்காகத்தான். அத்தை முன்னறிவிப்பு இல்லாமல் ஆட்டோவில் வந்து இறங்கினாள். வாங்க மைனி என்று அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததுமே நான் உஷாரானேன்.

அடுப்படியில் பொட்டலம் காலியாகிக் கிடந்தது. அம்மா கூடத்துப் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்தாள். பிறகு ஆண்டவர் டின்னை எடுத்து, அப்படியே உலைக்குப் போகிற பாத்திரத்தில் கவிழ்த்தாள்.

அத்தை மூன்றாவது தடவையாகக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டாள். "சோறு பூவா இருக்குளா. எந்தக் கடையில அரிசி வாங்குதிய?" என்று கேட்டாள். அம்மா கூசாமல் ஒரு கடைப் பெயரைச் சொன்னாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஏனென்றால் முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வுநாள் பள்ளியில் அந்தக் கதையைச் சொல்லியிருந்தார்கள். ஆண்டவருக்கென்று நிலத்தை விற்றுவிட்டு, அதில் கொஞ்சத்தை ஒளித்துவைத்த புருஷனும் பெண்சாதியும் ஒருவர்பின் ஒருவராகச் செத்து விழுந்த கதை. படம் வேறு காட்டினார்கள். அந்தப் பெண் கண்ணை மூடிக் கிடந்தாள். கொஞ்சத்தை ஒளித்தவர்களுக்கே அந்தக் கதி என்றால், டின்னோடு கவிழ்த்தவளுக்கு?

அத்தை ஊருக்குப் போனதும் அம்மா அலுப்பில் தரையில் படுத்துக் கண்ணயர்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். காற்று வந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வைத்தேன். அவள் விழித்துக்கொண்டு, என்ன ஏளா என்றாள். ஈ என்றேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மா செத்துப்போனால் நான் யாரிடம் போவேன்? அப்பாவிடம் சொன்னால் ஆண்டவர் அவரையும் சேர்த்தல்லவா தண்டிப்பார்?

ஆண்டவர் அந்த டின்னைத் திறந்து பார்ப்பதற்குள் நான் அதை நிரப்பிவிட்டால் தீர்ந்தது. அம்மா மாடிக்குத் துணி காயப்போடப் போகும்போதும், தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போகும்போதும் ரேஷன் அரிசிச் சாக்கிலிருந்து பிடி பிடியாக அள்ளிவந்து டின்னில் போட்டேன். என் பிடி சின்னது. அதனால் நிறைய நடை நடக்க வேண்டியிருந்தது. கடைசியில் டின் கழுத்துவரை நிறைந்தது. அம்மாவைச் சாவிலிருந்து மீட்ட நிம்மதியில் நன்றாகத் தூங்கினேன்.

அம்மாவோ, அப்பாவுக்குச் சனிக்கிழமை காலையில் கூலி வந்ததும் பொன்னி வாங்கி டின்னில் போட்டுவிடலாம் என்று இருந்திருக்கிறாள். ஆனால் கிறிஸ்துமஸ் வேலை இருந்ததால் சங்கத்தார் அந்த மாதம் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டார்கள். ஐயர் என்று நாங்கள் கூப்பிடும் சபைப் போதகருடைய மனைவி முன்னால், இன்னொரு பெண் சாக்கோடு பின்னால். அம்மா வாசலில் நின்று, நாளைக்கு நானே கோயிலில் கொண்டுவந்து தருகிறேனே என்று இழுத்தாள். இதற்காகத்தானே நான் இவ்வளவு பாடுபட்டேன்? அடுப்படிக்கு ஓடி, டின்னை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு திகைப்பை நான் பார்த்ததில்லை. அற்புதத்தைக் கண்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐயரம்மா மூடியைத் திறந்தார். உள்ளே கைவிட்டுக் கொஞ்சம் அள்ளினார். குண்டு அரிசியை விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள்.

"நெறையவே இருக்கே, தங்கச்சி. ஸ்தோத்திரம்," என்றார் ஐயரம்மா. டின்னைப் பின்னால் நின்ற பெண்ணின் சாக்கில் கவிழ்த்துவிட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

அவர்கள் போனதும் அம்மா என்னை உட்காரவைத்து, நீயா போட்டாய் என்று கேட்டாள். ஒப்புக்கொண்டேன். ஏன் என்று கேட்டாள். நீ செத்துப்போய்விடுவாயோ என்றுதான் என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வெடித்துவிட்டது. அடி விழும் என்று காத்திருந்தேன். அவள் என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"சாவலளா. இங்கனதான இருக்கேன்," என்றாள்.

கிறிஸ்துமஸுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, சாயங்காலம் யாரோ கதவைத் தட்டினார்கள். நான்தான் திறந்தேன். ஐயரம்மாவும் அந்தப் பெண்ணும் நின்றார்கள். கையில் ஒரு பை. நீலக் கட்டம் போட்ட அப்பாவின் கைலி, நடுவில் சிவப்பு நூல் சிலுவை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "யம்மா, நீ தச்ச பை நமக்கே வந்திருக்கு," என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.

அம்மா வந்தாள். பையை வாங்கிக்கொண்டாள். ஸ்தோத்திரம் என்று மட்டும் சொன்னாள். மீட்டர் பார்க்க வருகிற ஆளுக்குக்கூட டீ போட்டுக் கொடுக்கிற அம்மா, அவர்களை உள்ளே கூப்பிடவே இல்லை. இதை ஒரு குற்றமாக நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

பையில் எல்லா வீட்டு அரிசியும் கலந்து கிடந்தது. ஒல்லி, குண்டு, சிவப்பு, பச்சரிசி. நான் தரையில் கொஞ்சம் பரப்பி எங்கள் வீட்டுக் குண்டு அரிசி எது என்று தேடினேன். அப்பா வேலையிலிருந்து வந்தார். பையைப் பார்த்தார். சட்டையைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். என்ன சி.ஐ.டி. என்று கேட்கவில்லை.

மறுநாள் அந்த அரிசியில்தான் சோறு பொங்கினாள். நான் அடுப்படி வாசலில் என் வழக்கமான இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா பையிலிருந்து அரிசியை அளந்து பாத்திரத்தில் போட்டாள். பிறகு அதிலிருந்து ஒரு பிடி அள்ளி, ஆண்டவர் டின்னில் போட்டு மூடினாள்.

எனக்கு இது சரியாகப் படவில்லை. அது ஆண்டவர் கொடுத்த அரிசி. அதில் அவருக்கே எதற்குப் பங்கு என்று கேட்டேன்.

"சோறு பொங்குதோம்லா," என்றாள் அம்மா. "பொங்குற வீட்டுல ஒரு பிடி எடுக்கணும்ளா."

சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். நான் எந்தப் பக்கம் போனாலும் முகத்தைக் காட்டவில்லை. எதையோ என்னிடமிருந்து மறைக்கிறாள் என்பது மட்டும் உறுதியாகிவிட்டது. அவள் துணி எடுக்க மாடிக்குப் போனதும் அடுப்படிக்குள் நுழைந்தேன். மாவு டப்பாவுக்குப் பின்னால் பார்த்தேன், அரிசிச் சாக்குக்குள் கைவிட்டுத் துழாவினேன், இருந்த டின்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒன்றும் அகப்படவில்லை.