ஆள்காட்டிக் குருவியின் கூச்சல்

அது 2002, சித்திரை மாதம். கணவரின் வேலைக்காக நாகர்கோவிலிலிருந்து அணுபுரம் குடியிருப்புக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மகள் ஹாஸ்டலில். கணவர் மதியம் ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டால் ராத்திரி வரை எனக்குப் பேச்சுத்துணை எங்கள் நாய் மட்டும்தான். அக்கம்பக்கத்தில் பார்த்தால் சிரிப்பார்கள், உடனே கதவைச் சாத்திக்கொள்வார்கள். எனக்கோ பேசாவிட்டால் தலை வெடித்துவிடும்.

தினமும் நாலு மணிக்கு நாயைப் பூங்காவுக்குக் கூட்டிப்போவேன். அந்த வெயிலில் யாரும் இருக்கமாட்டார்கள் என்பதால் சங்கிலியைக் கழற்றிவிடுவேன். பூங்காவின் கோடியில், ஜல்லி இறைந்து கிடந்த பொட்டலில் ஓர் ஆள்காட்டிக் குருவி இருந்தது. எங்களைக் கண்டதுமே கத்திக்கொண்டு பறந்துவரும். நாயின் தலையை உரசுவதுபோல் தாழப் பறக்கும். நாய் துள்ளும். மறுபடி வரும். எனக்கு ஒரே குஷி. இந்த ஊரில் நமக்காகக் காத்திருக்கவும் ஒரு ஜீவன் இருக்கிறதே! வேண்டுமென்றே அங்கேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். கணவரிடமும் பெருமையாகச் சொன்னேன்.

ஒரு வாரம் போயிருக்கும். செடிகளுக்குத் தண்ணீர் விடும் அம்மா, ஹோஸைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"இன்னாம்மா நீ, டெய்லி நாய வுட்டு அத்த வெரட்டிகினு கீற?"

"விரட்டலைம்மா, அது எங்ககூட விளையாடுது" என்றேன்.

"வெளையாடுதா! அங்க முட்ட வச்சிக்கீதும்மா. இந்த வெயில்ல அது எழுந்து வந்துட்டா முட்ட வெந்துபூடும். வவுத்த தண்ணில நனச்சிகினு வந்து குந்துது, பாவம்."

அவர் கைகாட்டிய இடத்தில் எனக்கு ஜல்லிதான் தெரிந்தது. உற்றுப் பார்த்தபிறகே அதில் நான்கு கற்கள் அல்ல, முட்டைகள் என்று புரிந்தது. நாய் நின்ற இடத்துக்கும் அவற்றுக்கும் ஒரு முழம்கூட இல்லை. குருவி தொண்டை கிழியக் கத்தியதைத்தான் இத்தனை நாளும் ரசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாளிலிருந்து நாய்க்குச் சங்கிலி, நடையும் தெருவோடு சரி. அதன்பிறகு சாயங்காலங்கள் நகரவே மாட்டேன் என்றன.

சில வாரம் கழித்து அந்த அம்மாவே தெருவில் என்னை நிறுத்தினார். "மூணு குஞ்சு பொரிச்சிகீதும்மா. ஒண்ணுதான் கூமுட்டையா பூட்சி. பாக்க வர்றியா?"

ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் என்னைக் கண்டாலே அது பதறும் என்று தெரிந்தபிறகு எப்படிப் போவது? அந்த ஒரு முட்டை இன்றும் உறுத்துகிறது. யாராவது என்னைப் பார்த்துச் சத்தமாகப் பேசினால், பேச வருகிறார்களா, போகச் சொல்கிறார்களா என்று ஒரு நிமிடம் நின்று கவனிக்கிறேன்.